தைவானா, சீனாவா, பழைய ஜப்பானா? பந்தயச் சைக்கிளின் பிறப்பிடமும் விலையும்

மட்டக்களப்பிலிருந்து கல்முனை, அக்கரைப்பற்று வழியாகப் பொத்துவில் வரை கரையோரமாகச் செல்லும் சமதரை வீதியில் பந்தயச் சைக்கிள் ஓட்ட விரும்புபவர், கடைக்குள் நுழைந்ததும் "இது எந்த நாட்டுச் சாமான்?" என்றுதான் கேட்பார். தைவான் என்றால் தரம், சீனா என்றால் மலிவு, ஜப்பான் என்றால் ஆயுள் என்பது நம்மிடையே பழகிப்போன கணக்கு. அதில் பாதிதான் சரி.

தைவானின் பெயர் சும்மா வந்ததல்ல. ஜயன்ட், மெரிடா ஆகிய இரு நிறுவனங்களும் 1972ஆம் ஆண்டில் அங்கே தொடங்கப்பட்டு, முதலில் வெளிநாட்டு நிறுவனங்களுக்காகச் சைக்கிள் செய்துகொடுத்தே தொழிலைக் கற்றுக்கொண்டன. ஆனால் ஜயன்ட் நிறுவனத்துக்குச் சீனாவிலும் தொழிற்சாலைகள் உள்ளன. ஆகவே ஒப்பிட வேண்டியது இரு நாடுகளையல்ல, தன் பெயருக்குப் பொறுப்பேற்கும் தொழிற்சாலையையும் பெயரற்ற தொழிற்சாலையையும்தான்.

இந்த வேறுபாடு அதிகம் வெளிப்படுவது அலுமினியச் சட்டகத்தில். பரவலாகப் பயன்படும் 6061 அலுமினியக் கலப்புலோகத்தை உருக்கி ஒட்டும்போது (வெல்டிங்) ஒட்டிடம் வலுவிழந்துவிடும். இழந்த வலுவை மீட்கச் சட்டகம் முழுவதையும் ஏறத்தாழ 530 பாகை செல்சியசில் சூடாக்கி, சடுதியாகக் குளிர்வித்து, அப்போது ஏற்படும் கோணலை நிமிர்த்தி, பின்னர் குறைந்த வெப்பத்தில் பல மணி நேரம் வைத்திருக்க வேண்டும். செலவைக் குறைக்க நினைக்கும் தொழிற்சாலை கைவைப்பது இத்தகைய படிகளில்தான், அதன் அடையாளமோ வர்ணத்துக்கு அடியில் மறைந்துவிடும். முன்சில்லைத் தாங்கும் கவையின் (fork) கோணலையாவது வாங்குபவர் கண்டுபிடிக்கலாம்: ரிம் பிரேக் சைக்கிளாயின் முன்சில்லைக் கழற்றி இடம்வலமாக மாற்றிப் பூட்டும்போது, சில்லு முன்பு சாய்ந்த பக்கமே மீண்டும் சாய்ந்தால் பழுது கவையில், மறுபக்கம் சாய்ந்தால் சில்லில். 'தைவான் தயாரிப்பு' என்ற ஒட்டியைவிட இந்தச் சோதனையை நான் நம்புகிறேன். ஒட்டியை எவரும் அச்சடிக்கலாம்.

விலை வேறு கதை. சீனச் சைக்கிள்கள் மீதான குவிப்பு எதிர்ப்பு வரியை (அடிமட்ட விலையில் வந்து குவியும் இறக்குமதிக்கு எதிரான மேலதிக வரி) ஐரோப்பிய ஒன்றியம் 2005இல் 48.5 சதவீதமாக உயர்த்தியதுடன், 2013இல் அதை இலங்கை உள்ளிட்ட சில நாடுகளிலிருந்து அனுப்பப்படுபவற்றுக்கும் விரிவுபடுத்தியது. ஐரோப்பாவுக்கு வரிச்சலுகையுடன் ஏற்றுமதி செய்ய முடிந்த கம்போடியாவில் சைக்கிள் தொழில் வளர்ந்ததற்கும் இத்தகைய கணக்கே காரணம். சட்டகத்தில் எழுதியிருக்கும் நாடு, சில வேளைகளில் கைத்திறனைவிட வரிக்கணக்கையே காட்டுகிறது.

இத்தாலியப் பெயருடைய காபன் இழைச் சைக்கிள்கள் பலவும் ஆசியாவில் வார்க்கப்பட்டவை என்பதால், அந்தப் பெயருக்காக மட்டும் மேலதிகப் பணம் கொடுக்க நான் உடன்படமாட்டேன்.

பழைய ஜப்பான் சைக்கிள்களைப் பற்றி எனக்கு உயர்ந்த எண்ணம் உண்டு. டொலரின் பெறுமதியைக் குறைக்கச் சில பெரிய நாடுகள் 1985ஆம் ஆண்டில் செய்த பிளாசா உடன்படிக்கைக்குப் பின்னர் யென் பெறுமதி ஏறி, அவற்றின் ஏற்றுமதி விலை கட்டுப்படியாகாமல் போனது. தரம் குறைந்து அவை சந்தையை இழக்கவில்லை. குரோம்-மொலிப்டினம் உருக்குச் சட்டகம் கவனித்தால் பல பத்தாண்டுகள் உழைக்கும். சிக்கல் சில்லில்தான்: பழைய 27 அங்குல ரிம்மின் டயர் இருக்கை விட்டம் 630 மில்லிமீற்றர், இன்றைய 700சி ரிம்முக்கோ அது 622. எட்டு மில்லிமீற்றர் வித்தியாசம் சிறிதாகத் தோன்றினாலும் ஒன்றின் டயர் மற்றதில் பொருந்தாது.

கல்லடியிலோ கல்முனையிலோ கடற்காற்றில் சைக்கிளை வைத்திருப்பவருக்கு உப்பு ஒரு தனிக் கணக்கு. உருக்குச் சட்டகம் உள்ளிருந்து துருப்பிடிக்கும். அலுமினியச் சட்டகத்தில் உருக்கு ஆணிகள் இறுகிக் கழற்ற முடியாமல் போகும். ஆகவே புதிதாக வாங்குபவருக்கு, உதிரிப்பாகம் உள்ளூரில் கிடைக்குமானால், அறியப்பட்ட நிறுவனத்தின் சீனத் தயாரிப்பான அலுமினியச் சைக்கிளே என் முதல் தெரிவு. 700சி சில்லுள்ள ஜப்பான் சைக்கிள் கையில் அகப்பட்டால் மட்டும் மனம் மாறுவேன். அப்போதும் ஆசனத் தண்டை வெளியே இழுத்து, குழாய்க்குள் வெளிச்சம் அடித்துத் துருவைப் பார்த்த பின்பே பணத்தை எண்ணுவேன்.