1.6 மீற்றர் பிலிமும் மலைநாட்டு ஈரமும்: ஐந்து வருட அனுபவம்

ஹொரைசன் 202 கெமரா என்னிடம் வந்து ஐந்து வருடமாகிறது. ரஷ்யாவின் க்ரஸ்னகோர்ஸ்க் ஆலையில் செய்தது. உருளைக்குள் சுழலும் 28 மி.மீ. லென்ஸ், 120 பாகை அகலத்தைச் சாதாரண 35 மி.மீ. பிலிமிலேயே பதியும். படம் ஒன்று 24 × 58 மி.மீ. 1.6 மீற்றர் நீளமான 36 படச் சுருளில் 22தான் கிடைக்கும். எடுப்பதை ஓரிரு மாதத்தில் பழகிக்கொண்டேன். அந்தச் சுருளை மலைநாட்டு ஹப்புத்தளையில் வீட்டிலேயே கழுவிப் பழகியதுதான் பெரும்பாடு.

முதல் வருடம் படங்களில் வானமெல்லாம் வெளிறிய கோடுகள். தம்பேதென்னப் பக்கம் எடுத்தால் பாதிப் படம் வெறும் மூடுபனிதான். அதில் சின்னக் கோடும் ஒளியாது. லென்ஸ் உருளை திக்கித் திக்கிச் சுழல்கிறது என்றே நினைத்தேன். பழுதுபார்க்கக் கொழும்புக்குக் கொண்டுபோக இருந்தபோது நெகட்டிவை ஜன்னலோரம் பிடித்து நிதானமாகப் பார்த்தேன். உருளை திக்கியிருந்தால் கோடு மேலிருந்து கீழ்வரை முழுசாக ஓடும். இவை ஓரத்துத் துளைகளுக்கு நேரே தொடங்கி நடுவுக்கு வருமுன் மங்கிவிட்டன. பிலிம் கழுவும் டாங்கியை நான் ஆட்டிய வேகத்தில், படத்தை வெளிக்கொணரும் டெவலப்பர் திரவம் துளைகள் வழியே பாய்ந்து, அந்த இடங்களை மட்டும் கூடுதலாகக் கறுக்க வைத்திருக்கிறது. நெகட்டிவில் கறுத்தது படத்தில் வெளிறித் தெரியும்.

இப்போது நிமிடத்துக்கு ஒரு தடவை, பத்து விநாடியில் நான்கு முறை, மெதுவாகக் கவிழ்த்து நிமிர்த்துகிறேன். ஒரே சுருளானாலும், பிலிமைச் சுற்றும் ரீல் இரண்டு கொள்ளும் டாங்கிதான். மேலே வெறும் ரீல் ஒன்றைப் போட்டால் கீழ் ரீல் தண்டில் ஏறாது. டி-76 டெவலப்பர் கரைசல் 300 மி.லீ., தண்ணீர் 300 மி.லீ. எச்பி5 பிளஸ் கறுப்பு வெள்ளை பிலிமுக்கு 20 பாகை செல்சியஸில் 11 நிமிடம். கோடு போய்விட்டது.

அந்த 20 பாகையைக் காப்பாற்றுவதும் லேசில்லை. தை மாதக் குழாய்த் தண்ணீர் கையை விறைக்க வைக்கும். டாங்கியை வெதுவெதுப்பான தண்ணீர் பேசினில் நிறுத்தாவிட்டால் பாதி வழியிலேயே சூடு இறங்கி, நெகட்டிவ் மெலிந்து வரும். படத்தை நிலைக்க வைக்கும் ஹைப்போவுக்கும் கழுவும் தண்ணீருக்கும் அதே சூடுதான் வைக்கிறேன்.

மழைக்காலத்தில் ரீலில் ஏற்றுவது தனி வேதனை. வெளிச்சம் புகாத கறுப்புப் பைக்குள் கை வியர்த்தால் பிளாஸ்டிக் ரீலில் பிலிம் கடைசிச் சுற்றுகளில் ஒட்டிக்கொள்ளும். தள்ளினால் மடிந்து பிறைபோல் தழும்பு விழும். இரண்டு நல்ல காலைகளை அப்படி இழந்தேன். இப்போது ரீலை ஹெயார் டிரையரில் காயவைத்து, பிலிம் முனையின் இரு மூலைகளையும் வெட்டி, இரவில் ஜன்னலடைத்த குளியலறையில் பையில்லாமல் ஏற்றுகிறேன். கறை படியாமலிருக்கக் கடைசியில் இடும் திரவத்தை ரீலோடு சேர்த்து ஒருபோதும் ஊற்றாதீர்கள். அதன் பிசுக்குத் தங்கினால் அடுத்த சுருளும் ஒட்டும்.

காயவைக்க, உடுப்புகளை அகற்றிய அலுமாரிக்குள் முழு நீளமாகத் தொங்கவிடுகிறேன். அடுப்படிப் பக்கம் வேண்டாம்; விறகுப் புகையின் கரி ஈரப் பிலிமில் ஒட்டினால் போகாது.

வெட்டி வைக்கும் உறையில் ஏழு வரிசை. வரிசைக்கு மூன்று படம்தான் அடங்கும், ஆக 21. மிஞ்சும் 22ஆவதை எப்போதும் எங்கள் லயத்துக்கு, அதாவது தோட்டத்து வரிசை வீடுகளுக்கு, முன்னால் எடுக்கிறேன். பன்னிரண்டு காம்பராவும், வாசலில் நிற்கும் சனமும், பின்னால் மலையும் ஒரே படத்துக்குள் வந்துவிடுகின்றன.