கம்பெனி ரூட்: ஒரு பெரிய பஸ்ஸா, நாலு வேனா?

ஒரகடம் பக்கம் ஆலைக்கு ஆள் கூட்டி வர ரூட் போடுகிறவர்கள் எல்லாரும் வந்து நிற்கிற இடம் இதுதான். தாம்பரம், படப்பை வழியாக 50 பேர் வர வேண்டும் என்றால் 50 சீட் பஸ் ஒன்றா, 13 சீட் வேன் நாலா?

செலவு
பஸ்: ஒரு டிரைவர், ஒரு வாடகை. பாதி சீட் காலியாக ஓடினால் மட்டும் கணக்கு கவிழும்.
வேன்: எல்லாமே நாலு மடங்கு இல்லை, ஆனாலும் தலைக்குக் கூடத்தான் வரும்.

நேரம்
பஸ்: இங்கேதான் பலர் கோட்டை விடுகிறார்கள். மேப் காட்டுவது நிற்காமல் ஓடுகிற நேரம். ஸ்டாப்புக்கு 2 நிமிடம் என்று வைத்தாலே 15 ஸ்டாப்புக்கு அரை மணி நேரம் கூடிவிடுகிறது, முதல் ஸ்டாப்பில் ஏறுகிறவர் தூக்கத்தைத் தொலைத்து அந்த அரை மணியையும் உட்கார்ந்தே கழிக்க வேண்டும்.
வேன்: நாலைந்து ஸ்டாப், நேராக கேட்.

நடக்கிற தூரம்
பஸ்: மெயின் ரோட்டை விட்டு இறங்காது.
வேன்: தெருமுனை வரை வரும்.

பழுது
பஸ்: வழியில் நின்றால் லைனில் 50 பேர் குறைவு. சூப்பர்வைசர் முகத்தைப் பார்க்க முடியாது.
வேன்: 13 பேர்தான்.

என்னைக் கேட்டால், காலை ஷிப்ட், ஆட்கள் மெயின் ரோட்டை ஒட்டியே இருக்கிறார்கள் என்றால் பஸ்தான். இரவு ஷிப்ட், அதிலும் பெண்கள் இருந்தால், செலவைப் பார்க்காமல் வேன் போடுங்கள். எதுவானாலும் முதலில் எல்லாருடைய வீட்டையும் மேப்பில் குறியுங்கள், அப்புறம் வண்டிக்காரரிடம் பேசலாம்.