சொற்களைச் சுழற்றும் சிறு ஜாவாஸ்கிரிப்ட் மாட்யூல்: பயன்படுத்திப் பார்த்த பின்

முகப்புத் தலைப்பில் ஒரே ஒரு சொல் மட்டும் சில விநாடிகளுக்கு ஒருமுறை புரண்டு இன்னொரு சொல்லாக மாறுவதற்கென்றே எழுதப்பட்ட சிறியதொரு ஜாவாஸ்கிரிப்ட் மாட்யூலை (நிரல்துண்டை) அண்மையில் ஒரு தளத்தில் சேர்த்தேன். அதற்கு ஜெகுவெரி (jQuery) உட்பட வேறு எந்த லைப்ரரியும் (ஆயத்த நிரல்தொகுப்பும்) தேவையில்லை. வரிக்குள் ஒரு பகுதியைக் குறிக்கும் எச்.டி.எம்.எல். குறியான ஸ்பேனுக்குள் சொற்களைக் காற்புள்ளியிட்டு எழுதி, இடைவெளியை மில்லிவிநாடியில் குறிப்பிட்டால் போதும். பத்து நிமிடத்தில் வேலை முடிந்துவிடுகிறது.

அசைவின் தரத்தில் குறை சொல்ல ஏதுமில்லை. டிரான்ஸ்ஃபார்ம் (உருமாற்றம்), ஒபாசிட்டி (ஒளிபுகாமை) என்ற இரு சி.எஸ்.எஸ். (பக்கத் தோற்ற மொழி) பண்புகளை மட்டுமே அது தொடுவதால், உலாவி ஒவ்வொரு ஃபிரேமுக்கும் பக்கத்தின் லேஅவுட்டை (இட அமைப்பை) மீண்டும் கணக்கிட வேண்டியதில்லை. பழைய கைப்பேசியிலும் திணறாமல் ஓடியது. ஆனால் சொற்களின் அகலத்தை அது பொருட்படுத்துவதே இல்லை. "கலை" போய்த் "தொழில்நுட்பம்" வந்ததும் தலைப்பின் கடைசிச் சொல் அடுத்த வரிக்கு இறங்க, கீழிருந்த பத்திகள் அனைத்தும் ஒரு துள்ளுத் துள்ளின. காற்புள்ளியிட்ட சொற்களை மாட்யூல் தனித்தனி ஸ்பேன்களாகப் பிரித்துவிடுவதால், அவற்றை ஒரே கிரிட் கட்டத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, மிக நீளமான சொல்லின் அகலமே நிலைக்குமாறு செய்தேன். மாட்யூலே செய்திருக்க வேண்டிய வேலை இது.

எனக்கு ஏமாற்றம் தந்தது எழுத்தெழுத்தாகச் சுழற்றும் வசதிதான். ஆங்கிலத்தில் அழகாக ஓடிய அது, தமிழைக் கொடுத்ததும் சிதைந்துபோனது. "தமிழ்" நமக்கு மூன்று எழுத்து. கணினி எழுத்துக் குறியீட்டு முறையான யூனிகோடுக்கோ ஐந்து குறியீடு. சொல்லைக் குறியீடு குறியீடாக வெட்டி, ஒவ்வொன்றையும் தனி ஸ்பேனில் இடுவதால், மகரம் வந்த பின் புள்ளிவட்டமொன்றைப் பற்றிக்கொண்டு இகரக் கொக்கி தனியே வருகிறது. "கொடி" இன்னும் மோசம்: வெறும் ககரத்துக்குப் பிறகு, நடுவில் வெற்று வட்டத்தை வைத்துக்கொண்டு கொம்பும் காலும் நின்றன. வெட்டும் நிரல் வரியை நீக்கி, சொல்லைக் கண்ணுக்குத் தெரியும் எழுத்துகளாகப் பிரிக்கும் உலாவி வசதியான இன்ட்ல்.செக்மென்டரைப் (Intl.Segmenter) பயன்படுத்தியதும் இது சரியானது; 2024 முதல் முன்னணி உலாவிகள் அனைத்திலும் அது கிடைக்கிறது. அப்போதும் "க்ஷ", "ஸ்ரீ" இரண்டாகவே பிரிகின்றன. என் தலைப்பில் அவை இல்லாததால் விட்டுவிட்டேன்.

அசைவைக் குறைக்குமாறு பயனர் தம் கருவியில் அமைத்திருந்தால் இந்த மாட்யூல் முதல் சொல்லோடு நின்றுவிடுகிறது, பாராட்டத்தக்க ஏற்பாடு. எனினும் இடைநிறுத்தும் பொத்தான் இல்லை. தானே தொடங்கி 5 விநாடிக்கு மேல் பிற உள்ளடக்கத்தோடு சேர்ந்து அசைவதை நிறுத்த வழி இருக்க வேண்டும் என்பது இணைய அணுகல்தன்மைக்கான டபிள்யூ.சி.ஏ.ஜி. நெறிமுறையின் அடிப்படை நிலையிலேயே உள்ள விதி. போதாக்குறைக்கு, சுழலும் பகுதியில், மாற்றங்களை அறிவிக்கச் சொல்லும் ஏரியா-லைவ் (aria-live) பண்பு சேர்க்கப்பட்டிருப்பதால் திரையில் உள்ளதைப் படித்துக்காட்டும் மென்பொருளான திரைவாசிப்பான் ஒவ்வொரு மாற்றத்தையும் அறிவித்துக்கொண்டே இருக்கிறது. பார்வையற்ற வாசகர் பக்கத்தில் வேறெதையும் நிம்மதியாகக் கேட்க முடியாது. அதை அகற்றி, சுழலும் பகுதியைத் திரைவாசிப்பானுக்கு மறைத்து, முழு வாக்கியமொன்றை அதற்கெனத் தனியே வைத்தேன்.

முழுச் சொற்களைச் சுழற்ற மட்டுமே தேவையென்றால், மேற்சொன்ன திருத்தங்களோடு தயங்காமல் பயன்படுத்தலாம். தமிழ்த் தளத்தில் எழுத்துவாரியான அசைவு வேண்டுவோர், வெட்டும் வரியை மாற்றாமல் இதைத் தொடவேண்டாம்.