உழைக்கும் குதிரைக்கு எந்த லென்ஸ்: 35 மி.மீ.யா, 70–200ஆ?

ஏர் பூட்டிய குதிரையையோ காட்டில் மரம் இழுக்கும் குதிரையையோ படமெடுக்கக் கிளம்புகிறவர்கள் பெரும்பாலும் தொலைவை அருகே இழுக்கும் 70–200 மி.மீ. ஜூம் லென்ஸைத்தான் பையில் போடுகிறார்கள். பந்தயக் குதிரைக்கு அது சரி. உழைக்கும் குதிரை தனியாக வருவதில்லையே! சேணம், இழுவைச் சங்கிலி, கலப்பை, பின்னால் அதைப் பிடித்து நடக்கும் ஆள் என்று ஒரு நீண்ட தொடராக வருகிறது. அந்தத் தொடர் அறுந்தால் வெறும் குதிரைப் படம்தான் மிஞ்சும்.

பக்கவாட்டில் நின்று பார்த்தால் வித்தியாசம் புரியும். முழு ஃபிரேம் (36 மி.மீ. அகல சென்சார்) கேமராவில், அகலக் காட்சி தரும் 35 மி.மீ. லென்ஸை மாட்டி 8 மீட்டர் தள்ளி நின்றால் ஏறக்குறைய 8 மீட்டர் அகலம் படச் சட்டத்துக்குள் வரும். ஜோடிக் குதிரையும் உழுபவரும் கிளறிய மண்ணும் அடங்கிவிடும். அதே அகலத்துக்கு 70இல் 16 மீட்டர், 200இல் சுமார் 45 மீட்டர் பின்வாங்க வேண்டும். அவ்வளவு தூரத்தில் நடுவே ஒரு வேலியோ புதரோ வராமல் இருக்காது. முன்னாலிருந்து 200இல் எடுத்தால் இன்னொரு தொல்லை: தூரங்கள் நசுங்கி, உழுபவர் குதிரையின் முதுகில் முளைத்த தலையாகத் தெரிவார்.

ஆனால் 35ஐ வைத்துக்கொண்டு நெருங்கினால் மூக்கு பூதாகரமாகி, பின்கால்கள் சூம்பிப்போகும். ஒரு டன் எடையைத் தொடும் ஷையர் இனக் குதிரையைக்கூட அது கேலிச்சித்திரமாக்கிவிடும். பாதுகாப்பும் முக்கியம். குதிரைக்கு ஏறக்குறைய 350 பாகை பார்வை உண்டு. நேர் பின்னாலும் நெற்றிக்கு நேர் முன்னாலும் மட்டும் தெரியாது. கண்மறைப்பு கட்டிய குதிரைக்குப் பக்கவாட்டிலும் பெரும்பகுதி போய்விடும். அதன் அருகே போய்க் குந்துவது வம்பு. கழுத்துப்பட்டை உரசும் இடத்தில் பொங்கும் வியர்வை நுரை, குளிர்காலையில் எதிர்வெளிச்சத்தில் மூக்கிலிருந்து கிளம்பும் ஆவி இதெல்லாம் ஜூமின் ராஜ்ஜியம்.

ஒளியளவிலும் இரண்டும் எதிரெதிர்த் திசையில் ஏமாற்றும். ஜூமில் கறுப்புக் குதிரை சட்டத்தை நிறைத்துவிட்டால் கேமரா அதைச் சாம்பலாக்கப் பார்க்கும். ஒளியளவை ஒரு ஸ்டாப், அதாவது பாதியாக, குறைக்க வேண்டும். 35இல் வானம் நிறைய வந்துவிட்டால் குதிரை கரிக்கட்டை ஆகும், கூட்ட வேண்டும்.

ஷட்டர் வேகத்துக்கு அவ்வளவு கவலை வேண்டாம். 1878இல் புகைப்படக்காரர் மைபிரிட்ஜ் படம்பிடித்துக் காட்டிய, நான்கு குளம்பும் தரையை விட்டு எழும் கணம் ஓட்டத்தில் வருவது. உழும் குதிரை நடக்கிறது. 1/250 நொடி பெரும்பாலும் போதும். வேண்டுமென்றே 1/30இல் கேமராவைக் கூடவே நகர்த்தினால் கால்களும் பின்னணியும் கலங்கி அழகாக வரும். அதற்கு ஜூமே தோது.

சேணம் பூட்டும்போதும் இளைப்பாறும்போதும் 35, வேலை நடக்கும்போது ஜூம், அதிலும் 70 பக்கமாக: என் கணக்கு இதுதான். ஒன்றுதான் எடுத்துப்போக முடியும் என்றால் 35ஐ எடுப்பேன். எதுவானாலும் எந்தப் பக்கம் நிற்கலாம் என்று குதிரையை ஓட்டுபவரிடம் முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். அப்புறம் ஃபிளாஷை அணைத்துவிடுங்கள்.