இரண்டு தரம் தட்டினால்தான் திறக்கும்: நோக்கியா 5800

போன மாதம் என் போனின் திரை உடைந்தது. கொழும்பு காலி வீதியில் ஒரு ரிப்பேர் கடையில் கொடுத்தேன். "நாளைக்குப் பின்னேரம் வாங்கோ அண்ணா" என்ற தம்பி ஒன்பது நாள் இழுத்தடித்தான். அந்த ஒன்பது நாளும் அம்மாவின் அலுமாரிக்குள் கிடந்த நோக்கியா 5800 எக்ஸ்பிரஸ்மியூசிக்கோடுதான் காலம் போனது. 2009இல் லண்டனில் இருந்து மாமா கொண்டுவந்து தந்த போன். வெள்ளவத்தையில் எங்கள் ஒழுங்கையிலேயே முதல் தொடுதிரை போன் என்னுடையதுதான் என்று பீற்றிக்கொண்டு திரிந்தவன் நான், அதனால் கொஞ்சம் பாசமும் கலந்துதான் எழுதுவேன், கழித்துவிட்டுப் படியுங்கள்.

2008 ஒக்டோபரில் நோக்கியா இதை அறிவித்தபோது எல்லோரும் ஐபோன் 3ஜியோடுதான் ஒப்பிட்டார்கள். விபரங்களை அடுக்கினால் நோக்கியா சும்மா தூக்கிச் சாப்பிட்டுவிடும். 640க்கு 360 புள்ளித் திரை, தானாகவே ஃபோகஸ் செய்யும் 3.2 மெகாபிக்சல் கமரா, வீடியோ, முன்பக்கத்தில் இன்னொரு கமரா, பெட்டிக்குள்ளேயே 8 ஜிபி மெமரி கார்ட், கழற்றி மாற்றக்கூடிய பற்றரி, போதாக்குறைக்கு 3ஜியும் ஜிபிஎஸ்ஸும். அந்த நாள் ஐபோனில் வீடியோ எடுக்க முடியாது, ஒரு வரியைக் கொப்பி பண்ணி இன்னொரு இடத்தில் போட முடியாது, புளூடூத்தில் ஒரு பாட்டைக்கூட நண்பனுக்கு அனுப்ப முடியாது. இதையெல்லாம் சொல்லிச் சொல்லியே மச்சானோடு வாதாடியிருக்கிறேன். பிறகு அவன் தன் ஐபோனை என் கையில் தந்து, "சரி, திரையை ஒருக்கா விரலால் தள்ளிப் பார்" என்றான். தள்ளிப் பார்த்தேன், அதோடு வாதம் முடிந்தது.

ஏனென்றால் 5800இன் திரை விரலை உணராது, அழுத்தத்தைத்தான் உணரும். மேலே மெல்லிய பிளாஸ்டிக் படலம், அதற்குக் கீழே இன்னொரு படலம், இரண்டும் ஒன்றையொன்று தொட்டால்தான் போனுக்கு விளங்கும். அதனால் விரல் நுனியைவிட நகத்துக்குத்தான் நன்றாகக் கேட்கும். இதில் ஒரு நன்மையும் உண்டு, அம்மா மீன் கழுவிய ஈரக்கையோடும் கோல் எடுப்பார், இன்றைய போன்கள் ஈரம் பட்டால் தடுமாறுகின்றன. போனின் முதுகுக்குள் செருகிய குச்சி ஒன்று, அது போதாதென்று கிற்றார் மீட்டுகிற துண்டு மாதிரி முக்கோணமாக இன்னொன்று, கயிற்றில் கட்டித் தொங்கவிடலாம். அதை ஸ்டைலுக்காகத் தொங்கவிட்டிருந்தேன். எழுதவே வெட்கமாக இருக்கிறது.

சரி, திரையைக்கூட மன்னித்துவிடலாம். உண்மையான கோளாறு உள்ளே இருக்கிற எஸ்60 மென்பொருளில். அது என்73, என்95 போன்ற பட்டன் போன்களுக்காக வளர்ந்தது, அதன் மேல் தொடுதிரையைப் போர்த்தியிருக்கிறார்கள். மெனுவில் படங்களை ஒரு தரம் தட்டினால் திறக்கும். பட்டியலுக்குள் போனால் முதல் தட்டு அந்த வரியை நிறம் மாற்றும், இரண்டாவது தட்டுத்தான் திறக்கும். பட்டனில் மேலும் கீழும் போய் நடுவில் அழுத்துவோமே, அதே பழக்கம்! எங்கே ஒன்று, எங்கே இரண்டு என்று எனக்கு அன்றும் பிடிபடவில்லை, இந்த ஒன்பது நாளிலும் பிடிபடவில்லை. ஆரம்பத்தில் பட்டியலை விரலால் தள்ளவும் முடியாது, ஓரத்தில் இருக்கிற மெல்லிய பட்டையைப் பிடித்து இழுக்க வேண்டும், பிறகு வந்த மென்பொருளில்தான் தள்ளினால் வழுக்கிக்கொண்டு போகிற வசதி வந்தது.

எழுதுவது அதைவிடக் கொடுமை. போனை நிமிர்த்திப் பிடித்தால் பழைய எண் பலகை, சாய்த்தால்தான் முழு விசைப்பலகை, அதுவும் திரை முழுவதையும் மூடிவிடும், எதற்குப் பதில் எழுதுகிறோம் என்பதே மறைந்துபோகும். எழுதி முடித்துப் பச்சைச் சரியை அழுத்தினால் திரும்பவும் பழைய பக்கம். இந்த ஒன்பது நாளும் எல்லோருக்கும் "சரி" என்று மட்டுமே பதில் போட்டேன், ஏதோ கோபம் என்று நினைத்து அக்கா கோல் எடுத்துவிட்டார்.

தமிழ் வேறு கதை. லண்டனில் வாங்கிய போன் என்பதால் தமிழ் எழுத்தெல்லாம் கட்டம் கட்டமாகத்தான் தெரியும். அதற்கு அந்த நாளில் ஒரு குறுக்கு வழி இருந்தது, அந்தக் கால ஆட்களுக்கு நினைவிருக்கும். ஓபரா மினி என்கிற பிரவுசரைப் போட்டு, முகவரிப் பெட்டியில் ஓபரா:கான்ஃபிக் என்று அடித்து, சிக்கலான எழுத்துகளைப் படமாகக் காட்டு என்கிற ஒரு வரியை 'ஆம்' ஆக்கிவிட்டால், ஓபராவின் சர்வரே தமிழைப் படமாக்கி அனுப்பும். டேட்டா கூடத் தின்னும். ஆனாலும் யுத்தம் முடிகிற அந்த மாதங்களில் பஸ்ஸுக்குள் இருந்துகொண்டு தமிழ்ச் செய்தி வாசித்தது இந்தப் போனில்தான். பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்று பார்த்துவிட்டுத்தான் வாசிப்பேன்.

இனிப் பாட்டு. இதற்காகத்தான் இந்தப் போனை இன்னும் எறியாமல் வைத்திருக்கிறேன். பக்கவாட்டில் இரண்டு ஸ்பீக்கர், மேசையில் வைத்தால் அறை முழுக்கக் கேட்கும். எந்த ஹெட்போனும் பொருந்துகிற 3.5 மில்லிமீற்றர் துளை. பாட்டு மட்டும் என்றால் 35 மணி நேரம் ஓடும் என்று கம்பெனி சொன்னது, என் பழைய பற்றரியில் அந்தக் கணக்கு எடுபடாது, ஆனால் கடையில் புதிய பிஎல்-5ஜே பற்றரி ஒன்று வாங்கிப் போட்டதும் இரண்டு நாள் தாங்கியது. அப்புறம் எஃப்எம். ஹெட்போன் வயர்தான் அன்ரெனா, டேட்டா ஒரு துளியும் தேவையில்லை. 100ஆம் இலக்க பஸ்ஸில் யன்னலோரம் இருந்து சூரியன் எஃப்எம் கேட்டுக்கொண்டு கோட்டைக்குப் போனேன், என் புதிய போனில் இந்த வசதியே இல்லை.

கமரா வெயிலில் பரவாயில்லை, வீட்டுக்குள் மண் தூவியது மாதிரி. முதலில் வந்த சில போன்களில் காதருகே இருக்கும் ஸ்பீக்கர் ஊமையாவதாக அப்போது பெரிய கதை அடிபட்டது, என்னுடையதில் அந்தப் பிரச்சினை வரவில்லை. யுஎஸ்பி துளை இருந்தும் அதில் சார்ஜ் ஏறாது என்பதுதான் எரிச்சல், நோக்கியாவின் சின்னப் பின் சார்ஜரே வேண்டும். அதைத் தேடிப் புறக்கோட்டையில் நாலு கடை ஏறி இறங்கினேன்.

யாராவது இப்போது பழையது ஒன்று வாங்கப் போகிறீர்கள் என்றால் வாட்ஸ்அப்பை மறந்துவிடுங்கள், 2017 நடுவிலேயே இந்த வகைப் போன்களைக் கைவிட்டுவிட்டார்கள். பாட்டுக்கும் ரேடியோவுக்கும் கோலுக்கும் என்றால் தாராளமாக வாங்கலாம். ஒன்று மட்டும் கவனம். சிம் பக்கவாட்டில் சுகமாக உள்ளே போய்விடும், வெளியே எடுக்கத்தான் பற்றரியைக் கழற்றி, குச்சியின் நுனியால் உள்ளிருந்து நெம்ப வேண்டும். இன்றைய குட்டிச் சிம்மை அடாப்டரில் வைத்துப் போடுகிறவர்கள் பின்னால் செலோடேப் ஒட்டிவிட்டுப் போடுங்கள். நான் ஒட்டவில்லை. என் போன் திருத்தி வந்த அன்று, சிம்மை வெளியே எடுக்க முக்கால் மணித்தியாலமும் அம்மாவின் ஹெயார்பின் ஒன்றும் செலவானது.