பாலூட்டும் தாய் இருக்கும் வீட்டில் ஆர்.ஓ. ஃபில்டர்: எது நிற்கும், எது நிற்காது

குடிநீர் வழியே உடலுக்குள் வரும் பி.எஃப்.ஏ.எஸ். ரசாயனங்கள் (எளிதில் சிதையாத, ஃப்ளோரின் சேர்ந்த செயற்கை ரசாயனங்கள்) ரத்தப் புரதத்தோடு ஒட்டிக்கொண்டு ஆண்டுக்கணக்கில் தங்கும். கொஞ்சம் தாய்ப்பாலிலும் இறங்கும். தண்ணீரைக் கொதிக்க வைத்துப் பயனில்லை. நீர்தான் ஆவியாகும், ரசாயனம் போகாது.

இந்த ஒரு வேலைக்கு ஆர்.ஓ.வை நம்பலாம். அதிலுள்ள மெம்பிரேன், அதாவது வடிகட்டும் மெல்லிய சவ்வு, நல்லதாக இருந்தால் 90 சதவீதத்துக்கு மேல் தடுத்துவிடும். ஜக்கில் வரும் சின்ன கார்பன் ஃபில்டர் பி.எஃப்.ஓ.ஏ., பி.எஃப்.ஓ.எஸ். போன்ற நீண்ட கார்பன் சங்கிலி கொண்ட பி.எஃப்.ஏ.எஸ். வகைகளை ஓரளவு பிடிக்கும். குறுகிய சங்கிலி வகைகள் சீக்கிரமே நழுவிவிடும். வாங்கும்போது ஆர்.ஓ. கருவிகளுக்கான 'என்.எஸ்.எஃப். 58' தர முத்திரை மட்டும் போதாது, சான்றிதழில் பி.எஃப்.ஏ.எஸ். குறைப்பு என்று தனியாக எழுதியிருக்க வேண்டும்.

கோளாறு பெரும்பாலும் கார்பன் முன்ஃபில்டரில் தொடங்கும். அது தேய்ந்தால் குளோரின் நேராக மெம்பிரேனை அரித்துவிடும். ஆகவே 6 முதல் 12 மாதத்துக்குள் மாற்றுங்கள். சுவைக்காக வைத்திருக்கும் டி.டி.எஸ். (நீரில் கரைந்த உப்புகளின் அளவு) திருகு இன்னொரு ஓட்டை: அதைத் திறந்தால் மெம்பிரேனைத் தொடாத தண்ணீர் கலக்கும். முழுதாக மூடிவிடுங்கள். டி.டி.எஸ். மீட்டர் பி.எஃப்.ஏ.எஸ்.ஸை அளக்காது. ஆனால் உள்ளே 300, வெளியே 30 என்றிருந்தது 90க்கு ஏறினால் மெம்பிரேன் போய்விட்டது என்று தெரியும்.

பி.சி.பி., டயாக்சின் போன்ற வேறு நச்சு ரசாயனங்கள் விஷயத்தில் இந்தக் கருவி பெரிதாக உதவாது. அவை கொழுப்பில் சேர்பவை, பெரும்பாலும் மீன், இறைச்சி, பால் வழியாக வருபவை. பாலூட்டும் காலத்தில் வேகமாக எடை குறைத்தால் சேமிப்பிலிருந்து அவை வெளியேறும் என்பதால் பட்டினி டயட் வேண்டாம். இந்த ரசாயனங்களுக்குப் பயந்து தாய்ப்பாலை நிறுத்தவும் வேண்டாம். மாவுப்பாலைக் கரைப்பதும் அதே குழாய்த் தண்ணீரில்தானே!