விபி6-ல இருந்து எங்க போறது: விபி டாட்நெட்டா, சி ஷார்ப்பா?

விபி6-ல (விஷுவல் பேசிக் 6, மைக்ரோசாஃப்ட்டோட பழைய ப்ரோக்ராமிங் மொழி) ஓடிட்டிருந்த ஒரு ஸ்டாக் சாஃப்ட்வேரை, அதாவது சரக்கு இருப்பு, பில் கணக்கு பாக்குறதை, அவங்களோட புது பிளாட்ஃபார்மான டாட்நெட்டுக்கு மாத்தி முடிச்சோம். அதுல எழுத விபி டாட்நெட், சி ஷார்ப்னு ரெண்டு மொழி இருக்கு. விபி டாட்நெட்டா சி ஷார்ப்பான்னு டீம்ல பெரிய வாக்குவாதம் நடந்து கடைசில சி ஷார்ப் எடுத்தோம், இப்ப யார் கேட்டாலும் அதையே தான் சொல்வேன்.

ஏன் மாத்தணும்னு விளக்கமா சொல்லத் தேவையில்ல. விபி6 1998-ல வந்தது, அதோட ஐடிஇ-க்கு (கோடு எழுதுற டூல்) சப்போர்ட் 2008 ஏப்ரலோட போச்சு. ப்ரோக்ராம் ஓடத் தேவையான ரன்டைம் ஃபைல்கள் விண்டோஸோடவே வர்றதால பழைய எக்ஸி இன்னும் ஓடுது, ஆனா அதோட டெக்ஸ்ட்பாக்ஸ்ல தமிழ் யூனிகோட்ல பேர் போட்டா வெறும் கேள்விக்குறி தான்.

விபி டாட்நெட்ல சின்டாக்ஸ் (கோடு எழுதுற முறை) பழகினது. டிம், இஃப் தென், எண்ட் சப் எல்லாம் அப்படியே இருக்கும், விபி மட்டும் தெரிஞ்சவங்க சீக்கிரம் செட் ஆகிடுவாங்க.

என்னைப் பொறுத்தவரை முடிவு பண்ண வேண்டியது மெயின்டெனன்ஸை வெச்சு தான். பழைய கோடுல எங்க பாத்தாலும் 'ஆன் எரர் ரெஸ்யூம் நெக்ஸ்ட்' இருக்கும், எரர் வந்தா கண்டுக்காம அடுத்த லைனுக்குப் போன்னு அர்த்தம். பில் சேவ் பண்ற இடத்துல ஸ்டாக்கை குறைக்கிற லைன் ஃபெயில் ஆனாலும் சத்தமே இல்லாம அடுத்த லைனுக்குப் போயிடும், பில் சேவ் ஆகிடும், மாசக் கடைசில கணக்கு இடிக்கும்போது எந்த லைன்ல ஆரம்பிச்சதுன்னு கண்டுபிடிக்கவே முடியாது. விபி டாட்நெட் இந்த லைனை இன்னும் அனுமதிக்குது, அதனால அவசரத்துல அப்படியே காப்பி ஆகி வந்துடும். சி ஷார்ப்ல அது கிடையவே கிடையாது, எரர் வந்தா என்ன பண்ணணும்னு நாமளே யோசிச்சு ட்ரை-கேட்ச்ல (ட்ரைல வேலை, கேட்ச்ல எரர் வந்தா செய்ய வேண்டியது) எழுதணும், எழுதலன்னா எரர் வெளிய தெரிஞ்சிடும். காலி கேட்ச் போட்டு முழுங்கலாம் தான், ஆனா அப்பவும் ட்ரை பிளாக்ல மிச்ச லைன் ஓடாது, கோடுல தேடினாலும் உடனே சிக்கிடும். மாத்துற வேலை இழுக்கும், ஆனா அதுக்கப்புறம் வர்ற கம்ப்ளைன்ட்டை ஸ்டாக் ட்ரேஸ் (எரர் எந்த வழியா எங்க வந்ததுன்னு காட்டுற லிஸ்ட்) பாத்தே பிடிச்சிடலாம்.

இன்னொண்ணு, விபியை ஒரு மொழியா மேல வளர்க்கிற திட்டம் இல்லன்னு 2020 மார்ச்லயே மைக்ரோசாஃப்ட் சொல்லிட்டாங்க. சப்போர்ட் இருக்கு, ஆனா புது சாம்பிள் கோடு பெரும்பாலும் சி ஷார்ப்ல தான் வருது.

நான் சொல்றது விண்டோஸ் டெஸ்க்டாப் அனுபவத்தை வெச்சு மட்டும் தான், வெப் பக்கம் நான் அதிகம் போகல. நாலஞ்சு ஃபார்ம் மட்டும் உள்ள சின்ன டூல்னா விபி டாட்நெட்டே தாராளமா போதும்.

எதை எடுத்தாலும் பழைய பைனரி ஃபைலைப் படிக்கும்போது மட்டும் கவனம். விபி6 இன்டிஜர் 2 பைட், டாட்நெட்ல 4 பைட், 2 பைட் உள்ள ஷார்ட்டுன்னு மாத்தலன்னா அடுத்தடுத்த ஃபீல்டு எல்லாம் தள்ளிப் போய் டேட்டா கன்னாபின்னான்னு வரும்.